கை நடுங்கினால்தான் நம்புவோமா?

2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் பார்க்கின்சன் நோயும் ஒன்று. இத்தனை காலம் சட்டத்தின் கண்ணில் படாமல் இருந்த நோய்க்கு அந்த அளவில் ஒரு மரியாதை கிடைத்தது, வரவேற்போம். ஆனால், அந்த நோயைச் சட்டம் எப்படி வரையறுக்கிறது என்று அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் மனம் சுருங்குகிறது. நடுக்கம், தசை இறுக்கம், மந்தமும் தடுமாற்றமுமான அசைவு ஆகியவற்றை அடையாளமாகச் சொல்கிறது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவதைக் காரணமாகச் சொல்கிறது. அத்துடன் முடித்துக்கொள்கிறது. தூக்கம் கெடுவது, மனம் சோர்வது, மலம் கட்டிக்கொள்வது, மோப்பம் போவது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிவது, இல்லாத ஆளைக் கண்ணெதிரே காண்பது என்று நோயாளியை இரவும் பகலும் வதைக்கும் எதற்கும் அங்கே ஒரு சொல்கூட இல்லை.

சட்டத்தை எழுதியவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் வீடுகளும் மருத்துவமனைகளும் இந்த நோயைப் பார்க்கிற பார்வையைத்தான் அவர்கள் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். கை நடுங்கினால் அவர் நோயாளி. நடுங்காவிட்டால் சோம்பேறி, சிடுமூஞ்சி, சந்தேகப் பிராணி, வேஷக்காரர். ஒரு மனிதரின் நோயை அவருடைய குணக்கேடாகக் கணக்கெழுதி, அதற்காக அவரைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம். அறியாமை என்று இதற்கு இனியும் சமாதானம் சொல்ல முடியாது. இது அநீதி.

அந்தத் தண்டனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பணி ஓய்வு பெற்ற ஒருவர். பேரப்பிள்ளை ஓடி வந்து மடியில் விழுந்தாலும் சிரிப்பதில்லை. விருந்தாளி வந்தால் முகம் கொடுப்பதில்லை. ‘ரிட்டையர் ஆனதிலிருந்து திமிர் ஏறிப்போச்சு’ என்கிறது குடும்பம். முகத் தசைகள் இறுகிவிட்டதால் உள்ளே எழும் சிரிப்புக்கு வெளியே வர வழியில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. குரல் தேய்கிறது, ‘வாய்க்குள்ளேயே முனகுறார்’ என்று எரிச்சல்படுகிறார்கள். கையெழுத்து எறும்பு சைஸுக்குச் சுருங்கி, வங்கியிலிருந்து காசோலை திரும்பி வருகிறது. எதிலும் நாட்டமில்லாமல் நாற்காலியே கதியென்று கிடக்கிறார். இந்த நாட்டமின்மை நோயின் ஒரு கூறு, மூளையில் நிகழும் மாற்றத்தின் விளைவு. வீட்டிலோ அதற்கு ‘மெத்தனம்’ என்று பெயர்.

பெண் நோயாளியின் நிலை இன்னும் மோசம். பார்க்கின்சன் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மோப்ப சக்தி குறைகிறது. கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தொடங்கிவிடலாம். சாம்பார் அடிப்பிடித்துத் தீய்ந்துபோவது தெரியாமல் அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் ‘உன் கவனம் எங்கே இருக்கு?’ என்று கத்துகிற மகனும் மகளும், அவருக்கு வாசனை தெரிகிறதா என்று ஒரு முறையாவது கேட்டிருப்பார்களா? மோப்பம் போனவருக்கு கேஸ் கசிந்தாலும் தெரியாது. நாக்கின் ருசியில் பாதி மூக்கில் இருப்பதால் சாப்பாடும் வெறுத்துவிடும். ‘அம்மாவுக்குக் கைமணம் போயிடுச்சு’ என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் கொடுமையானது ‘நடிக்கிறார்’ என்ற பழி. காலை எட்டு மணிக்குத் தானே காபி ஆற்றிக் குடித்தவர், பதினொரு மணிக்கு டம்ளரைத் தூக்க முடியவில்லை என்கிறார். சாயங்காலம் மறுபடியும் வாசல்வரை நடக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் மருமகளுக்கோ மகனுக்கோ சந்தேகம் வராமல் இருக்குமா? இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. இறங்கும்போது உடல் பூட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் உடம்பு மட்டும் முடங்குவதில்லை. பதற்றம், வியர்வை, வலி, காரணமில்லாத பயம் எல்லாம் சேர்ந்து வரும். புரதம் மிகுந்த சாப்பாட்டோடு மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் மருந்து ரத்தத்தில் சேர்வது தடைபடும் என்பதும் தெரிந்த சங்கதிதான். ஆனால், மாத்திரைச் சீட்டில் ‘1-1-1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதித் தந்து அனுப்பிவிட்டால், நோயாளி எங்கே போய் இதைத் தெரிந்துகொள்வார்?

இவையெல்லாம் நேற்றைய கண்டுபிடிப்புகளா? இல்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817-இல் இந்நோயைப் பற்றி முதன்முதலாக எழுதியபோது ஆறு பேரைத்தான் சான்றாக வைத்தார். அவர்களில் சிலரைத் தெருவில் வைத்துப் பார்த்ததோடு சரி. அந்தச் சிறுநூலிலேயே தூக்கம் கெடுவதையும் மலம் கட்டிக்கொள்வதையும் எச்சில் வழிவதையும் அவர் குறித்திருக்கிறார். புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று அவர் எழுதிய இன்னொரு வரிதான் பிழையாகப் போயிற்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மருத்துவ உலகம் நெடுங்காலம் மனத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பின்னர் நோய்க்கு அவர் பெயரையே சூட்டிய பாரிஸ் மருத்துவர் ழான் மார்த்தேன் ஷார்கோ, எல்லா நோயாளிகளுக்கும் நடுக்கம் வருவதில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். இத்தனைக்குப் பிறகும் நம்மூரில் ‘கை நடுங்கலையே, அப்புறம் என்ன பார்க்கின்சன்?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

2003-இல் ஜெர்மனியின் உடற்கூறியல் அறிஞர் ஹைகோ பிராக் முன்வைத்த கருத்து இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட விடையாகவே அமைந்தது. ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதம் மூளை அணுக்களில் கட்டிகட்டியாகப் படிவதுதான் இந்நோயின் முத்திரை. இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த பிராக், அந்தப் படிவு மோப்ப நரம்பு முடிச்சிலும், குடலோடு தொடர்புடைய மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் முதலில் தோன்றுகிறது என்றும், அசைவை ஆளும் பகுதிக்குப் பிறகுதான் ஏறுகிறது என்றும் சொன்னார். எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும், கை நடுங்கத் தொடங்கும் வேளையில் டோபமின் சுரக்கும் அணுக்களில் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஹவாய்த் தீவுகளில் 6,790 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு முறைகூட மலம் கழியாதவர்களுக்கு, நாளுக்கு ஒரு முறை கழிந்தவர்களைவிடப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. மலச்சிக்கல் உள்ள எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பயந்துகொள்ள வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரப்போவதே இல்லை. மலச்சிக்கலோடு மோப்பமும் குறைந்து, தூக்கமும் கெட்டு, காரணமில்லாத மனச்சோர்வும் சேர்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கனவு காணும்போது நம் உடல் அசையாதபடி மூளை தசைகளைப் பூட்டி வைக்கிறது. சிலருக்கு அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. கனவில் யாரோ துரத்தினால் படுக்கையில் கால் உதைக்கிறது. கனவில் சண்டை என்றால் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் மேல் குத்து விழுகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் 1986-இல் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். பத்தாண்டுகள் கழித்து, அவர்கள் கவனித்து வந்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. மேலும் பதினாறு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, தொடர்ந்து கவனிக்க முடிந்த 26 பேரில் 21 பேருக்குப் பார்க்கின்சன் வகை நோயோ மறதி நோயோ வந்திருந்தது. ஒரு நோய் வரப்போவதை இவ்வளவு முன்கூட்டி, இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் அறிகுறி மருத்துவத்தில் அபூர்வம்.

நம் வீடுகளில் அந்த அறிகுறி என்ன ஆகிறது? கன்னத்தில் வீங்கியிருப்பதை மறைத்துக்கொண்டு மனைவி அடுத்த நாள் வேலைக்குப் போகிறார். கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறார். புருஷன் தூக்கத்தில் அடிக்கிறான் என்று வெளியே சொன்னால் யார் நம்புவார்கள், நம்பினால் என்ன நினைப்பார்கள்? மாமியார் தாயத்து கட்டச் சொல்கிறார். யாரோ மந்திரித்த கயிறு வாங்கி வருகிறார்கள். கடைசியில் பாயைத் தனியாகப் போட்டுக்கொள்வதோடு விஷயம் முடிகிறது. அடித்தவரோ விடிந்ததும் எதுவும் நினைவில்லாமல், குற்றவாளியைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த இருவருக்கும் தேவைப்படுவது ஒரு மருத்துவரும், அவர் தரும் மாத்திரையும், கட்டிலைச் சுற்றிக் கூரான பொருள்களை அகற்றி வைக்கும் எச்சரிக்கையும்தான்.

பகலிலும் மூளை ஏமாற்றும். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் தோன்றும். இறந்துபோன தங்கை வாசலில் நிற்பாள். கூடத்தில் முகம் தெரியாத குழந்தைகள் விளையாடும். இத்தகைய தோற்றங்கள் நோயாலும் வரும், மருந்தின் அளவு கூடினாலும் வரும். சிலருக்கு மனைவியின் மேல் அல்லது கணவன் மேல் அடிப்படையே இல்லாத சந்தேகம் முளைக்கும். ஐம்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் அந்தச் சொல் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பல நாடுகளின் நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட பொய்நம்பிக்கைகள் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை மருத்துவரிடம் சொன்னதே இல்லை என்று கண்டது. கூச்சம் ஒரு காரணம். இதற்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்றே தெரியாதது இன்னொரு காரணம்.

ஹாலிவுட்டின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-இல் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவருக்குப் பார்க்கின்சன் என்று சொல்லப்பட்டிருந்தது. பிரேதப் பரிசோதனைதான் அது பார்க்கின்சனின் நெருங்கிய உறவான லூயி உடல் நோய் என்றும், மூளை முழுவதும் பரவியிருந்தது என்றும் காட்டியது. அவருடைய மனைவி சூசன் 2016-இல் நரம்பியல் மருத்துவர்களுக்கான இதழில் எழுதிய கட்டுரையில், மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை, தூக்கமின்மை, மோப்பக் குறைவு, அடங்காத பயம் என்று தொடக்கக் காலத் தொல்லைகளை அடுக்குகிறார். இடது கையின் இலேசான நடுக்கம் அவற்றுள் ஒன்று மட்டுமே. உலகின் தலைசிறந்த மருத்துவ வசதி எட்டும் தூரத்தில் இருந்தவருக்கே இந்தத் துண்டுகளை உரிய காலத்தில் ஒட்டிப் பார்க்க முடியவில்லை என்றால், அரசு மருத்துவமனை வரிசையில் டோக்கனோடு நிற்பவரை நினைத்துப் பாருங்கள்.

அவர் தோள் இறுகிவிட்டது என்று எலும்பு மருத்துவரிடம் போகிறார். மலச்சிக்கலுக்கு வயிற்று மருத்துவரிடம், அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று சிறுநீரக மருத்துவரிடம், தலைசுற்றலுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். ஆளுக்கு ஒரு மாத்திரை. யாரும் அடுத்தவர் சீட்டைப் பார்ப்பதில்லை. இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் நம்மூரில் தாராளமாக எழுதித் தரப்படும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைட் போன்ற மருந்துகள் பார்க்கின்சனை மோசமாக்கக்கூடியவை. நோயே இல்லாதவருக்கும் அதே போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் வரவழைக்கக்கூடியவை. எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் விழுவதால் வரும் தலைசுற்றலுக்கு, அறிகுறிகளை மோசமாக்கும் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது சிகிச்சை ஆகாது. ஒரு முறை படுக்க வைத்தும் ஒரு முறை நிற்க வைத்தும் அழுத்தம் பார்த்திருந்தால் போதும்.

நரம்பியல் மருத்துவர்களும் இந்தக் குற்றத்திலிருந்து முழுவதும் விலகி நிற்க முடியாது. தாங்களே கவனித்து வந்த நோயாளிகளின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் களைப்பையும் நரம்பியல் மருத்துவர்கள் பாதிக்கும் மேற்பட்ட முறை கண்டுகொள்ளவில்லை என்று அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள் என்ற நெருக்கடி நமக்குப் புரியாமல் இல்லை. ‘கையைத் தட்டுங்க, நடந்து காட்டுங்க’ என்பதற்கு மேல் கேட்க நேரம் இல்லை என்பார்கள். அதற்கும் விடை உண்டு. அசைவு சாராத அறிகுறிகளைப் பற்றி ‘ஆம்’, ‘இல்லை’ என்று நோயாளியே குறித்துத் தரக்கூடிய 30 கேள்விகள் கொண்ட படிவம் 2006-இலேயே உருவாகிவிட்டது. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். அதை எளிய தமிழில் அச்சிட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி நிரப்ப ஒருவரை உட்கார வைப்பது எந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இயலாத காரியமில்லை. செய்யாததற்குச் சாக்கு இல்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. பார்க்கின்சனுக்குத் தரப்படும் பிரமிபெக்சால், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதல்களைக் கிளப்பிவிடும். சூதாட்டம், கைமீறிய செலவு, பால் இச்சை என்று அது எப்படி வேண்டுமானாலும் வெளிப்படலாம். வாழ்நாளெல்லாம் ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்காத மனிதர் இரவு முழுக்கக் கைப்பேசியில் ரம்மி ஆடி ஓய்வூதியத்தை இழந்தால், ‘இந்த வயசுல இப்படியா?’ என்று ஊரே காறித் துப்பும். மருந்தை மாற்றினாலோ குறைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும் ஒன்றுக்கு அவர் மானத்தை இழக்கிறார். இந்த மாத்திரையை எழுதும் மருத்துவர் அதன் ஆபத்தை நோயாளியிடமும், கூட இருப்பவரிடமும் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது கடமை தவறுவதே.

நோயின் ஓட்டத்தை நிறுத்தும் மருந்து எதுவும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லையே, முன்கூட்டித் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால், மலச்சிக்கலுக்கு வைத்தியம் இருக்கிறது, மனச்சோர்வுக்கு இருக்கிறது, அழுத்தம் சரிவதைத் தடுக்க வழி இருக்கிறது, தூக்கத்துக்கு இருக்கிறது. விழுங்குவதற்கும் பேசுவதற்கும் பயிற்சிகள் உள்ளன. முறையான உடற்பயிற்சி உடலையும் மனத்தையும் நிமிர்த்துகிறது. தடுத்திருக்கக்கூடிய ஒரு சறுக்கலில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானவரிடம் போய், ‘முன்பே தெரிந்திருந்தாலும் பயனில்லை’ என்று இவர்கள் சொல்லிப் பார்க்கட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2019-இல் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயோடு வாழ்ந்தார்கள். 25 ஆண்டுகளில் எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது. முதியோர் பெருகிவரும் தமிழ்நாடு இதைத் தள்ளிப்போட முடியாது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அறுபதைத் தாண்டியவரை நிற்க வைத்து இன்னொரு முறை அழுத்தம் பார்க்கவும், வாசனை தெரிகிறதா, தூக்கத்தில் கைகால் வீசுகிறாரா, வீட்டில் விழுந்தாரா என்று விசாரிக்கவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அரசின் பொறுப்பு. எந்த நோய்க்காகச் சேர்க்கப்பட்டாலும், பார்க்கின்சன் நோயாளிக்கு அவருடைய மாத்திரை அவருக்குரிய நேரத்தில் கிடைக்க வேண்டும் என்று வார்டுகளுக்கு ஆணை போக வேண்டும். பிரிட்டனில் நோயாளிகள் அமைப்பு 2006-லேயே இதை இயக்கமாக்கியது. சட்டத்தின் வரையறையை மத்திய அரசு திருத்த வேண்டும். குறைபாட்டுச் சான்றிதழ் கேட்டு வருபவரின் நடுக்கத்தை அளப்பவர்கள் அவருடைய இரவுகளையும் அளக்கும்படி செய்ய வேண்டும்.

அரசு அசைவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் மாறிவிட்டார் என்று தோன்றினால், குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் உறுதியான பிறகு ஒவ்வொரு முறையும் போகும்போது மலம், சிறுநீர், தூக்கம், மனநிலை, தலைசுற்றல், கண்ணில் தோன்றும் உருவங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இரவில் உதை வாங்கும் மனைவியையும் உள்ளே அழைத்துப் போங்கள். அவர் சொல்வதுதான் முக்கியமான சாட்சியம். வேறு எந்த மருத்துவர் வாந்திக்கோ தலைசுற்றலுக்கோ மருந்து எழுதினாலும் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக அளவு தெரியாமல் அதை மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.